40 வயது கம்ப்யூட்டரை கொல்லும் "செங்கல்"

சுவிட்சை போடும் முன் ஜாக்கிரதை!

கதவு பூட்டியபடியே இருக்கிறது. வெளியாள் யாரும் வரவில்லை. ஆனால் வீட்டுக்குள் ஒரு கொலை!

செத்தது கம்ப்யூட்டர். கொன்றது அதன் கூடவே பிறந்த கரண்டு பெட்டி!

அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி நாடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. பழைய வீட்டு கம்ப்யூட்டர்களை தேடி வாங்கி, பழுது பார்த்து, மறுபடி ஓட வைப்பது அங்கே பலருக்கு பொழுதுபோக்கு. நம் ஊரில் பழைய வால்வு ரேடியோவை தூசி தட்டி பாட வைக்கிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? அந்த மாதிரிதான்.

அவர்கள் கையில் அதிகம் சிக்குவது "கொமடோர் 64" என்ற கம்ப்யூட்டர். 1982 ஆகஸ்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அப்போது விலை 595 டாலர். 1994-ல் கம்பெனி திவால் ஆகும் வரை ஒரு கோடிக்கும் மேல் விற்றது.

தட்டச்சு பலகைக்குள்ளேயே முழு கம்ப்யூட்டரும் அடங்கி விடும். டி.வி. பெட்டியில் மாட்டினால் போதும். அதன் ஞாபக சக்தி 64 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோவை கூட அதற்குள் அடைக்க முடியாது. ஆனால் சுவிட்சை போட்டால் சில வினாடிகளில் நீல நிற திரை வந்து விடும். "38911 பைட் காலி. தயார்" என்று இங்கிலீஷில் எழுத்து தெரியும்.

அந்த நீல திரையை பார்க்கத்தான் இத்தனை பாடு!

5 வோல்ட் மர்மம்

பரணில் கிடந்த பெட்டியை இறக்குகிறார்கள். ஆசை யாரை விட்டது? உடனே பிளக்கை சொருகி விடுகிறார்கள். ஆபத்து அங்கேதான்.

இந்த கம்ப்யூட்டருக்கு கரண்டு கொடுப்பது தனி பெட்டி. டிரான்சிஸ்டருக்கு மாட்டுகிற எலிமினேட்டர் மாதிரி. கனமாக இருப்பதால் இதற்கு "செங்கல்" என்றே பட்டப்பெயர். வீட்டு கரண்டை வாங்கி 9 வோல்ட் ஏ.சி.யாகவும், 5 வோல்ட் டி.சி.யாகவும் கொடுப்பது இதன் வேலை.

பல செங்கல்களுக்குள் பிசின் ஊற்றி கெட்டியாக அடைத்து விட்டார்கள். உள்ளே உண்டாகும் சூடு வெளியே போக வழி இல்லை. 5 வோல்ட்டை கட்டிக்காக்கும் ரெகுலேட்டர் வருஷக்கணக்கில் வெந்து வெந்து ஒரு நாள் கைவிரித்து விடும். 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 6, 7 என்று எகிறும்.

உள்ளே இருக்கும் சிப்புகள் 5¼ வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாதவை. அவ்வளவுதான், கதை முடிந்தது!

கருப்பு திரை

முன்பக்கம் சிவப்பு விளக்கு எரியும். திரையோ கருப்பாக கிடக்கும். இதுதான் முதல் அடையாளம்.

சந்தேகத்துக்கு உரியவர்கள் பலர். முதலாவது, 8 ரேம் சிப்புகள். செங்கல் எகிறினால் முதலில் பலியாவது பெரும்பாலும் இவைதான். இரண்டாவது, பி.எல்.ஏ. என்கிற சிப். எந்த தகவல் எந்த பக்கம் போக வேண்டும் என்று கை காட்டுகிற டிராபிக் போலீஸ்காரர் அது. செங்கல் ஒழுங்காக இருந்தாலும் தானே சூடாகி மண்டையை போடுகிற வழக்கம் அதற்கு உண்டு.

குற்றவாளியை பிடிப்பது எப்படி?

தொட்டு பார்ப்பது பழைய வழி. ரேம் சிப்பு வெதுவெதுப்பாக இருக்கலாம். 8-ல் ஒன்று மட்டும் கொதித்தால் அதுதான் ஆள். விரல் சுட்டு விடும், பதமாக தொட வேண்டும்!

இன்னொரு வழியும் உண்டு. சோதனை கார்ட்ரிட்ஜ் ஒன்றை பின்னால் சொருகினால், திரை பளிச் பளிச் என்று மின்னும். எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணினால், எந்த ரேம் செத்தது என்று தெரிந்து விடும். சாட்சியே வாய் திறந்த மாதிரி!

செத்த சிப்பை சால்டரிங் அயர்ன் வைத்து பக்குவமாக எடுக்கிறார்கள். அந்த இடத்தில் சாக்கெட் வைத்து புது சிப்பை சொருகுகிறார்கள். அடுத்த முறை கெட்டால் கழற்றி மாட்ட சுலபம்.

போலி சரக்கு

இதிலும் மோசடி புகுந்து விட்டது. இந்த கம்ப்யூட்டரில் பாட்டுக்கு என்று "சிட்" என்ற தனி சிப் உண்டு. அதன் ஒலிக்கு இன்றும் மயங்குகிறவர்கள் ஏராளம். தயாரிப்பு நின்று பல வருஷம் ஆகிறது. அதனால் கிராக்கி. வேறு ஏதோ சிப்பின் முதுகை தேய்த்து, "சிட்" என்று புதிதாக அச்சடித்து விற்று விடுகிறார்கள். வாங்கி மாட்டினால் சத்தமே வராது. பணம் போனது போனதுதான்.

குபுகுபு புகை

மற்ற கம்ப்யூட்டர்களுக்கும் ஆளுக்கு ஒரு வியாதி.

1981 டிசம்பரில் இங்கிலாந்தில் வந்தது "பிபிசி மைக்ரோ". 1984-ல் மத்திய அரசு "கிளாஸ்" திட்டத்தில் நம் நாட்டு பள்ளிக்கூடங்களுக்கு கொடுத்ததும் இதுதான். இதன் கரண்டு பகுதியில் காகித கெபாசிட்டர் உண்டு. அதன் மேல் உறை வெடித்து, ஈரம் இறங்கி இருக்கும். சுவிட்சை போட்டதும் நாற்றமும் புகையும் குபுகுபு என்று கிளம்பும். முன்கூட்டியே அதை மாற்றி விடுவதுதான் புத்திசாலித்தனம்.

1991-ல் வந்த "அமிகா 500 பிளஸ்" கம்ப்யூட்டருக்கு எமன் அதன் சின்ன பேட்டரி. அது கசிந்து, பலகையில் உள்ள செம்பு கோடுகளை அரித்து தின்று விடும். பெட்டியை திறந்ததும் முதல் வேலை பேட்டரியை வெட்டி எறிவதுதான். கசிந்த இடத்தை வினிகராலோ, எலுமிச்சம்பழ சாற்றாலோ துடைக்கிறார்கள்.

உயிருக்கே ஆபத்து

சிப்பு போனால் வேறு சிப்பு வாங்கலாம். ஆள் போனால்?

பழைய பிக்சர் டியூப் டி.வி.க்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும். பிளக்கை பிடுங்கிய பிறகும் உள்ளே பதுங்கி இருக்கும். விவரம் தெரியாதவர்கள் பின் மூடியை கழற்றவே கூடாது. கரண்டு பெட்டிக்கும் இதே எச்சரிக்கைதான்.

என்ன செய்யலாம்?

கம்ப்யூட்டரில் மாட்டாமல் செங்கலை மட்டும் தனியாக மல்டிமீட்டரில் அளக்க வேண்டும். 4¾-க்கும் 5¼-க்கும் நடுவில் காட்ட வேண்டும். சும்மா அளந்தால் போதாது. சூடு ஏறிய பிறகுதான் சில பெட்டிகள் குணத்தை காட்டும். பெரிய ரெசிஸ்டரை சுமையாக கொடுத்து, அரை மணி நேரம் விட்டு அளக்க வேண்டும்.

அதிலும் தேறியது என்றால் நம்பலாமா? நாளைக்கும் ஒழுங்காக இருக்கும் என்று யாரும் எழுதி கொடுக்க முடியாது. ஆகவே அனுபவஸ்தர்கள் பழைய செங்கலை ஓரம் கட்டி விட்டு, புதிதாக தயாராகும் கரண்டு பெட்டியை வாங்குகிறார்கள். வோல்ட் எகிறினால் உடனே வெட்டி விடும் "காவல்காரன்" பெட்டியும் கிடைக்கிறது. அதை நடுவில் மாட்டி விட்டால் சிப்புகள் பிழைத்துக்கொள்ளும்.

40 வருஷம் பரணில் பத்திரமாக கிடந்த கம்ப்யூட்டர், இன்னும் ஒரு நாள் காத்திருக்காதா?

முதலில் மீட்டர். அப்புறம்தான் சுவிட்ச்!