கடிகாரத்துக்கே டிமிக்கி கொடுத்த படங்கள்... தெரியுமா?

ஒரு படம் எத்தனை நாள் ஓடினால் நீங்கள் அசந்து போவீர்கள்? நூறு நாள்? வெள்ளி விழா? இப்போதெல்லாம் மூன்றாவது நாளே 'மாபெரும் வெற்றி' என்று போஸ்டர் ஒட்டிவிடுகிறார்கள்! 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே தியேட்டரில் 1945 தீபாவளியையும் தாண்டி, 1946 தீபாவளியையும் பார்த்துவிட்டுத்தான் இறங்கியது! ஒரே தியேட்டர், ஒரே படம், மூன்று தீபாவளி!

இருங்கள், வாயைப் பிளக்க வேண்டிய சங்கதி இனிமேல்தான். படம் அப்படி ஓடிக்கொண்டிருந்தபோது ஹீரோ எங்கே இருந்தார் தெரியுமா? ஜெயிலில்! லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே.தியாகராஜ பாகவதர் 1944 டிசம்பரில் கைதானார். அதே படத்தில் சிரிக்கவைத்த என்.எஸ்.கிருஷ்ணனும் அதே வழக்கில் உள்ளே! திரையில் பாகவதர் பாட, தியேட்டரில் ஜனம் உருக, மனிதர் மட்டும் கம்பிக்குப் பின்னால்! இருவரும் விடுதலையானது 1947இல். ஆக, தன் படம் கண்ட மூன்று தீபாவளிகளில் பாகவதர் வீட்டில் இருந்தது முதல் தீபாவளிக்கு மட்டும்தான்! இதையே யாராவது கதையாகச் சொன்னால் 'ரொம்பத்தான் அளக்கிறாய்' என்போம், இல்லையா?

அதிக நாள் ஓடியதைப் பார்த்தாயிற்று. அவசரமாக எடுத்தது? 'சுயம்வரம்'! 1999 ஏப்ரல் 5, 6 தேதிகளில் எடுத்தார்கள். 14 இயக்குநர்கள், 19 ஒளிப்பதிவாளர்கள், சத்யராஜ், பிரபு, கார்த்திக், பார்த்திபன் என்று ஒரு பட்டாளம். மொத்தப் படப்பிடிப்பும் எத்தனை நேரத்தில் முடிந்தது? 23 மணி 58 நிமிடம்! ஒரு நாள் முடிய இரண்டு நிமிடம் மிச்சம்! எங்கள் தெருவில் கல்யாணத்துக்குப் பந்தல் போடவே இரண்டு நாள் ஆகும். படம் எப்படி என்கிறீர்களா? அதைக் கேட்காதீர்கள், கின்னஸைப் பாருங்கள்!

அதே பார்த்திபன் 2022இல் என்ன செய்தார் தெரியுமா? ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், ஒரு 'கட்'கூட இல்லாமல் 'இரவின் நிழல்'! அதுவும் முன்னும் பின்னும் தாவித் தாவிப் போகும் கதை! எப்படி எடுத்தோம் என்று படத்துக்கு முன்பே அரை மணி நேரம் காட்டினார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த அரை மணி நேரம்தான் அதிகம் பிடித்தது.

பொங்கலுக்கு வருகிறது என்று சொன்ன படம் பொங்கலுக்கே வந்தது. ஆனால் பன்னிரண்டு பொங்கல் தள்ளி! 'மதகஜராஜா'தான், வேறென்ன? 2013 பொங்கலுக்கு வர வேண்டியது 2025 ஜனவரி 12இல் வந்தது. சுடச்சுட இறக்காத பொங்கல் ஆறிப்போயிருக்கும் என்றுதானே நினைப்போம்? சக்கைப்போடு போட்டது! ஹீரோவாகிவிட்ட சந்தானம் அந்தப் படத்தில் மறுபடி காமெடியனாகத் தெரிந்ததும் தியேட்டரில் விசில் பறந்தது. எனக்குப் பின்சீட்டில் ஒரு பெரியவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர், திடீரென்று நிறுத்திவிட்டார். மனோபாலா பிணமாக நடித்து அதகளம் பண்ணும் காட்சி அது. மனோபாலா 2023இலேயே போய்விட்டாரே! ஒரு நொடிதான்... பெரியவர் மறுபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் சிரித்ததைக் கேட்டு நானும்!

பன்னிரண்டு வருஷம் அதிகமா? 'பொன்னியின் செல்வன்' காத்திருந்தது எவ்வளவு தெரியுமா? கல்கி அதைத் தொடராக எழுதி முடித்தது 1954இல். படமாக எடுக்கிறேன் என்று எம்.ஜி.ஆர். அறிவித்தது 1958இல். திரைக்கு வந்தது 2022 செப்டம்பர் 30இல். 64 வருஷம்! எம்.ஜி.ஆர். அறிவித்தபோது மணிரத்னத்துக்கு வயது என்ன? இரண்டு!

ரஜினியின் 'முத்து' 1998இல் டோக்கியோவில் ஒரு தியேட்டரில் 23 வாரம் ஓடியது தெரியும். அதற்கு விதை எங்கே விழுந்தது? சிங்கப்பூரில்! அங்கே போயிருந்த ஒரு ஜப்பானிய விமர்சகர் ஒரு கடையில் எதேச்சையாகப் பார்த்த வீடியோ! அவர் அந்தக் கடைக்குப் போகாமல் இருந்திருந்தால்? ஜப்பானில் ஓடிய இந்தியப் படங்களில் 'முத்து'வின் வசூலை முந்த 'ஆர்ஆர்ஆர்' வர வேண்டியிருந்தது. 24 வருஷம் கழித்து!

இப்போது என் செல்லப் படத்துக்கு வருகிறேன். 1991 தீபாவளிக்கு ஒரே நாளில் இரண்டு படம்: 'தளபதி', 'குணா'. இரண்டுக்கும் இளையராஜா! கூட்டம் எந்தப் பக்கம் போனது என்று சொல்லத் தேவையில்லை. கொடைக்கானலில் 'டெவில்ஸ் கிச்சன்' என்றிருந்த இடம் மட்டும் 'குணா குகை' ஆனது. 33 வருஷம் கழித்து, 2024இல், மலையாளத்திலிருந்து வருகிறது 'மஞ்சும்மல் பாய்ஸ்'! 2006இல் அந்தக் குகைக்குள் விழுந்த நண்பனை மீட்ட நிஜக் கதை. நாம் படத்தில் பார்த்த குகைப் பாதாளம் பெரும்பாலும் எது தெரியுமா? கேரளத்துப் பெரும்பாவூரில் ஒரு கிடங்குக்குள் போட்ட செட்! கையால் தொட்டால் ஈரம் ஒட்டும் போலிருந்ததே!

கயிற்றில் நண்பனை மேலே இழுக்கும் நேரம் பார்த்து அந்தக் 'குணா' பாட்டு ஒலித்தபோது நான் இருந்த தியேட்டரில் என்ன நடந்தது தெரியுமா? மொத்த அரங்கமும் எழுந்து பாடியது! 1991இல் பிறக்கவே பிறக்காத பையன்கள் வரி பிசகாமல் பாடுகிறார்கள்! தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடி ரூபாயைத் தாண்டிய முதல் மலையாளப் படம் அது. காதலிக்கு எழுதிய கடிதப் பாட்டு நண்பனுக்கு இவ்வளவு பொருந்தும் என்று யார் கண்டார்கள்?

பெயரே தெரியாத ஒருவரோடு ராத்திரி முழுக்கப் பேச முடியுமா? 'மெய்யழகன்' படத்தில் அரவிந்த்சாமி அதைத்தான் செய்கிறார்! ஆனால் வெளியாகி நாலைந்து நாளில் சுமார் 18 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். முதல் நாளே பார்த்துவிட்டேன் என்று இன்றுவரை பீற்றிக்கொண்டு திரிகிறேன்!

2004 ஏப்ரலில் வந்த 'கில்லி' 2024 ஏப்ரலில் மறுபடி வந்து ஹவுஸ்ஃபுல். டிவியில் நூறு தடவை பார்த்ததற்கு எதற்கு டிக்கெட்? கேட்ட என் மனைவிக்கும் சேர்த்துத்தான் வாங்கினேன்.

கடைசியாக ஒரு கணக்கு. 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ரஜினி ஒரு இரும்பு கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு வந்தாரே, அந்தப் படம் வெளியான நாள் 1975 ஆகஸ்ட் 15. அவருடைய 'கூலி' வெளியான நாள்? 2025 ஆகஸ்ட் 14! ரஜினி திரைக்கு வந்து ஐம்பது வருஷம் நிறைய ஒரே ஒரு நாள் பாக்கி! இவ்வளவு காத்திருந்தவர்கள் இன்னும் ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா, சொல்லுங்கள்?