அணைத்துவிட்டால் யார் போடுவது?

வெளியூரில் இருந்தபடி வீட்டு ரவுட்டரை மொபைலிலிருந்தே அணைக்க முடியுமா? முடியும். ஆனால் அதற்கு நீங்கள் அனுப்பும் கடைசிக் கட்டளையாக அதுதான் இருக்கும். உங்கள் கட்டளை வீட்டுக்குள் நுழைவதே ரவுட்டர் வழியாகத்தான். அது அணைந்ததும் வழியும் அடைபட்டுவிடுகிறது. நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டுகிற வேலை. அதே வைஃபையில் இணைந்த ஸ்மார்ட் பிளக்கை வாங்கி மாட்டினாலும் நிலைமை மாறாது; அணைக்கும்வரை அது சொன்னபடி கேட்கும், பிறகு அதை எட்டவே முடியாது. ரவுட்டர் நிறுவனங்களின் செயலிகள் பலவற்றில் ‘ரீபூட்’ பொத்தான் இருக்கிறது, ‘ஷட் டவுன்’ இல்லை என்பதில் வியப்பில்லை. ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற திறந்த மென்பொருளில் அணைக்கும் கட்டளை உண்டுதான். ஆனால் பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களுக்குத் தம் மின்சாரத்தைத் தாமே துண்டித்துக்கொள்ளும் வசதி கிடையாது. இயக்கம் நின்றாலும், யாராவது பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகும்வரை கருவி கொஞ்சம் மின்சாரத்தை இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

கணினியைப் போல முறைப்படி அணைக்காவிட்டால் ரவுட்டர் கெட்டுவிடும் என்ற பயம் பெரும்பாலும் தேவையற்றது. அதன் இயங்குதளம் பொதுவாக, வாசிக்க மட்டுமே முடிகிற பகுதியில் பதிந்திருக்கிறது. அடிக்கடி கரன்ட் போகும் வீடுகளிலும் அது பிழைத்துக் கிடப்பது அதனால்தான். மென்பொருள் புதுப்பிப்பு நடக்கும்போதும், யுஎஸ்பி ஹார்டு டிஸ்க் செருகியிருக்கும்போதும் மட்டும் கவனம் வேண்டும். உண்மையான ஆபத்து, அணைப்பதற்காக நாம் திறந்துவைக்கும் கதவில் இருக்கிறது. 2016 நவம்பர் இறுதியில் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்களின் சுமார் 9 லட்சம் ரவுட்டர்கள் முடங்கின. தொலைவிலிருந்து பராமரிக்கப் பயன்படும் 7547 என்ற போர்ட்டை மிராய் வகைத் தீநிரல் உலகெங்கும் தேடித் தட்டியதுதான் காரணம். அந்த ரவுட்டர்களுக்குள் அது புகக்கூட இல்லை, தட்டியதிலேயே விழுந்துவிட்டன. 2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளைப் பிடித்திருந்தபோது, அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. மக்களிடம் கேட்டது ரவுட்டரை ரீபூட் செய்யும்படி. கூடவே, தொலைநிர்வாக வசதியை முடக்குவது பற்றி யோசிக்கவும் சொன்னது.

நிறுவனத்தின் செயலி மூலம் செய்தால் போர்ட் எதையும் திறக்க வேண்டாமே என்று கேட்கலாம். சரிதான். ரவுட்டரே நிறுவனத்தின் சர்வரைத் தொடர்புகொண்டு காத்திருப்பதால், பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிரும் இணைப்புகளிலும் அது வேலை செய்கிறது. ஆனால் அப்போது உங்கள் வீட்டின் சாவி அந்தக் கணக்கின் பாஸ்வேர்டுதான். இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லாமல் அதை நம்பக் கூடாது. உங்களுக்கென்று தனிப் பொது முகவரி இருந்தால், வயர்கார்டு போன்ற விபிஎன் வழியாக உள்ளே போவதே என் தேர்வு. நிர்வாகப் பக்கத்தை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடுவதற்கு மட்டும் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

அப்படி அணைத்து என்ன ஆதாயம் என்பதையும் பார்க்க வேண்டும். 10 வாட் இழுக்கும் ரவுட்டர் மாதம் முழுக்க ஓடினாலும் சுமார் 7 யூனிட்தான். அதை அணைத்தால் வாசல் கேமராவும் இணையத்தை இழக்கும். இடி மின்னலுக்குப் பயந்தால் கட்டளையால் பயனில்லை, பிளக்கையே பிடுங்கியிருக்க வேண்டும். இரவில் பிள்ளைகளின் வைஃபையை நிறுத்த அதற்கான நேர அட்டவணை பல ரவுட்டர்களிலேயே இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் அணைத்தே ஆக வேண்டும் என்றால், அட்டவணையைத் தனக்குள்ளேயே சேமிக்கும் ஸ்மார்ட் பிளக்கை வாங்கி, மறுபடி போடும் நேரத்தை முதலில் பதிந்துவிட்டு அணைக்கும் நேரத்தைப் பிறகு பதியுங்கள். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. இத்தகைய பிளக்குகள் பலவும் மணியை இணையத்திலிருந்தே தெரிந்துகொள்கின்றன. ரவுட்டர் அணைந்திருக்கும்போது கரன்ட் போய் வந்தால் நேரம் தெரியாமல் அட்டவணையைத் தவறவிடும். கரன்ட் திரும்பியதும் ‘ஆன்’ ஆகும்படி வைக்கும் தேர்வு பல பிளக்குகளின் செயலியில் உண்டு. ஊருக்குக் கிளம்புமுன் அதைப் போட்டு, மெயின் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் பார்த்துவிடுங்கள்.