தராசு மட்டும் போதாது

"பெருத்துவிட்டீர்களே, மாமி!" என்றால் குறை, "நன்றாக இளைத்துவிட்டீர்களே!" என்றால் பாராட்டு. மாதுங்கா மார்க்கெட்டில் அன்றாடம் கேட்கும் விசாரிப்பு இது. அறுபதைத் தாண்டிய என் போன்ற பெண்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

டாக்டர்கள் பார்ப்பது பி.எம்.ஐ. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. என் உயரம் 1.5 மீட்டர், எடை 54 கிலோ, 54-ஐ 2.25-ஆல் வகுத்தால் 24. உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவுப்படி 18.5 முதல் 24.9 வரை சரியான எடை, நான் பாஸ். இந்தியர்களுக்கென 2009-இல் நம் மருத்துவர்கள் வகுத்த அளவுப்படி 23-ஐத் தொட்டாலே கூடுதல், நான் ஃபெயில்! நமக்கு வயிற்றில் கொழுப்பு சேர்வது அதிகம், குறைந்த எடையிலேயே சர்க்கரை வியாதி வந்துவிடுகிறது என்பதே காரணம்.

வயதானால் வேறு சிக்கலும் உண்டு. முதுகெலும்பு தேய்ந்து உயரம் குறைந்தால், எடை ஏறாமலே பி.எம்.ஐ. ஏறும். தசை கரைந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொண்டால் தராசு முள் அசையாது.

ஆகவே நான் தையல் டேப்பையும் கையில் எடுக்கிறேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது பெண்களுக்கு நல்லது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்றும் பார்க்கிறேன். அதுதான் தசையின் பலம்.

இளைப்பதற்காகப் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் போய்விடும். பருப்பு, தயிர், சுண்டல் தினமும் வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும். வாரத்துக்கு 150 நிமிட நடை, இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி அவசியம்.

முக்கியமான விஷயம்: முயற்சி எதுவும் செய்யாமல் ஓராண்டுக்குள் 60 கிலோ 57 ஆனால் சந்தோஷப்படாதீர்கள், டாக்டரிடம் போங்கள். என் நாத்தனார் இப்படி இளைத்தபோது உறவினர் அனைவரும் மெச்சினார்கள். இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது, முற்றிய சர்க்கரை வியாதி. தைராய்டு, மனச்சோர்வு, பல் கோளாறு, சில சமயம் புற்றுநோய்கூட இப்படித் தலைகாட்டும்.

ஊரில் தனியாக இருக்கும் அம்மாவிடம் போனில் பேசுகையில், "சாப்பிட்டாயா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டதா? வளையல் நழுவுகிறதா?" என்றும் கேளுங்கள்.