ஹாம்ஸ்டரின் கன்னப்பை சொல்லும் செய்தி

"வேப்பிலை புற்றுநோயைக் குணப்படுத்துமாமே, ஆராய்ச்சியில் நிரூபித்துவிட்டார்களாமே?" வாய்ப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை குறிக்கப்பட்ட நோயாளியின் குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதைப் பொய் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. அந்த ஆராய்ச்சி உண்மையாகவே நடந்தது. அது நடந்த இடம் மனித வாய் அன்று. ஒரு சிறு விலங்கின் கன்னம்.

சிரியா நாட்டுப் பொன்னிற ஹாம்ஸ்டர் எலியினத்தைச் சேர்ந்த பிராணி. அதன் இரு கன்னங்களிலும் தோள்வரை நீளும் பைகள் உண்டு. கிடைக்கும் தானியத்தை அவற்றில் அடக்கிக்கொண்டு வளைக்கு ஓடும். (1930ஆம் ஆண்டு அலெப்போ நகருக்கு அருகே பிடிக்கப்பட்ட ஒரே ஈற்றுக் குட்டிகளின் வழிவந்தவையே இன்று ஆய்வுக்கூடங்களில் உள்ளவற்றில் பெரும்பாலானவை.) அப்பையை வெளியே இழுத்து உட்புறத்தைக் கண்ணால் காணலாம், மருந்து தடவலாம், நாள்தோறும் மாற்றத்தைக் குறிக்கலாம். 1954இல் அமெரிக்க ஆய்வாளர் சாலி, டி.எம்.பி.ஏ. என்னும் வேதிப்பொருளை அப்பையில் தொடர்ந்து தடவி, அங்கே புற்றுநோய் உருவாவதைக் காட்டினார்.

நம் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எஸ். நாகினியும் அவருடன் பணியாற்றியவர்களும் இம்முறையைப் பல ஆண்டுகள் கையாண்டனர். எண்ணெயில் கரைத்த டி.எம்.பி.ஏ.வை வாரம் மூன்று முறை, 14 வாரங்கள் தடவுவது வழக்கமான முறை. நோய் ஒரே நாளில் வருவதில்லை. முதலில் மேல்தோல் தடிக்கிறது. பின்னர் உயிரணுக்களின் வடிவமும் வரிசையும் குலைகின்றன. அதன்பின் தோலின் அடுக்குக்குள்ளேயே அடங்கிய புற்று. இறுதியில் அடுக்கை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கும் புற்று. மனித வாயிலும் நோய் பெரும்பாலும் இந்தப் படிகளையே கடக்கிறது. வேறுபாடு காலத்தில்தான்: ஹாம்ஸ்டருக்கு வாரங்கள், மனிதருக்கு ஆண்டுகள்.

வேம்பு, பூண்டு, தக்காளி ஆகியவற்றை இவ்விலங்குகளுக்குக் கொடுத்தபோது கட்டிகள் குறைந்ததாக அக்குழுவினர் எழுதியிருக்கிறார்கள். ஆயினும் அவை நோய் தோன்றுவதைத் தடுக்க முடியுமா என்று ஆராய்ந்த சோதனைகள். வளர்ந்துவிட்ட கட்டியைக் கரைக்கும் மருந்தைத் தேடிய சோதனைகள் அல்ல. இந்த வேறுபாடு ஊர்ப்பேச்சில் காணாமற்போகிறது. அதனால் அறுவைச் சிகிச்சையின் நாள் தள்ளிப்போகிறது. கட்டிக்குப் பொறுமை கிடையாது.

மாதிரியின் குறைகளையும் சொல்லவேண்டும். ஹாம்ஸ்டரின் பையில் நிணநீர் நாளங்கள் முறையாக இல்லை. மனிதருக்கு நோய் கழுத்துக் கணுக்களுக்குப் பரவும் வழியே அதுதான். மேலும் டி.எம்.பி.ஏ.வை நம்மில் யாரும் மெல்லுவதில்லை. நாம் மெல்லுவது பாக்கும் புகையிலையும். அதனால்தான் 1971இல் வேறு ஆய்வாளர்கள் பாக்குச் சாற்றையே அப்பையில் தடவிப் பார்த்தனர், கட்டிகள் தோன்றின. விலங்குச் சான்றுகளுக்கு முன்பே மனிதச் சான்று நம் மண்ணிலேயே இருந்தது: அன்றைய திருவிதாங்கூரில், வெற்றிலைபாக்கு மெல்லுவோரிடம் காணப்பட்ட வாய்ப் புற்றுநோயைப் பற்றி மருத்துவர் ஓர் 1933இல் லான்செட் இதழில் எழுதினார். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட மதிப்பீட்டில், புகையிலை சேராத பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என வகைப்படுத்தப்பட்டது. "நான் புகையிலை போடுவதில்லை, சீவல் மட்டுந்தான்" என்று ஆறுதல் கொள்வதற்கு இடமில்லை.

தென்னேரிப் பக்கத்து வீடுகளில் தாம்பூலம் மங்கலப் பொருள். தட்டில் வைத்து எடுத்துக் கொடுப்பதைப் பற்றி மருத்துவர்களுக்குக் குறையொன்றுமில்லை. தறியில் அமர்ந்தபடி மணிக்கணக்காகக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்வதுதான் கவலைக்குரியது. ஹாம்ஸ்டரின் பையில் ஆய்வாளர் செய்வதை அங்கே நாமே நமக்குச் செய்துகொள்கிறோம்.

படிப்படியாக வரும் நோய் என்பதில் ஒரு நன்மையும் உண்டு: இடையில் பிடிக்கலாம். கேரளத்தில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் ஏறத்தாழ 1,90,000 பேரை உள்ளடக்கி ஓர் ஆய்வு நடத்தியது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுதோறும் சென்று வாயைக் கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான். 2005இல் வெளிவந்த முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கமுடையோரிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரங்கள், நாக்கின் அடிப்புறம் ஆகியவற்றைப் பாருங்கள். பொய்ப்பல் இருப்பின் கழற்றிவிட்டுப் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெண்திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், வாய் முன்போல் திறவாமை ஆகியவற்றுள் எது இருந்தாலும் பல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ காட்டுங்கள். திசுப் பரிசோதனை செய்தால் நோய் பரவிவிடும் என்று அஞ்சிச் சிலர் திரும்பிவிடுகிறார்கள். அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை. எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைச் சொல்லக்கூடியது அந்தச் சிறு துணுக்குத் திசுவே. காஞ்சிபுரம் காரைப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை தென்னேரியிலிருந்து தொலைவன்று. வேப்பிலைக் கசாயம் குடிப்பவர்கள் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.