ஆட்டக்காரருக்கு நாலு மாதம், முதலாளிக்கு இரண்டு வருடம்

இடுப்பில் செருகிய ஒரு துண்டு. 2013 மே 9இல் மொகாலியில் ராஜஸ்தான் ராயல்ஸின் ஸ்ரீசாந்த் அதோடு வீசிய ஓவரில் 13 ரன்கள் போயின. அந்தத் துண்டுதான் சூதாட்டத் தரகர்களுக்குச் சமிக்ஞை, 14 ரன்களாவது கொடுப்பதாக ஏற்பாடு என்றது டில்லி போலீஸ். ஒரே வாரத்தில் கைது. செப்டம்பரில் கிரிக்கெட் வாரியத்தின் ஆயுட்காலத் தடை.

அதே மே மாதம் சென்னை சூப்பர் கிங்ஸின் குருநாத் மெய்யப்பனும் கைதானார். அவர் அப்போதைய வாரியத் தலைவர் சீனிவாசனின் மருமகன். அணி, அப்போது சீனிவாசனின் இந்தியா சிமெண்ட்ஸுக்குச் சொந்தமாக இருந்தது. இங்கே வாரியத்தின் வேகம் வேறு திசையில் இருந்தது. அது நியமித்த இருவர் குழு, இந்தியா சிமெண்ட்ஸ் மீதும் ராஜஸ்தான் அணியின் ராஜ் குந்த்ரா மீதும் தவறில்லை என்று ஜூலையிலேயே சொல்லிவிட்டது. அந்தக் குழு அமைக்கப்பட்டதே சட்டவிரோதம் என்றது மும்பை உயர் நீதிமன்றம்.

நிர்வாகிகளே ஐ.பி.எல். அணி வைத்துக்கொள்ள வசதியாக 2008இல் விதி திருத்தப்பட்டிருந்தது. நடுவரே பந்தயம் கட்டலாம் என்பது போன்ற ஏற்பாடு! 2015 ஜனவரியில் அந்தத் திருத்தத்தை ரத்து செய்ய உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது. ஜூலையில்தான் லோதா குழு மெய்யப்பனுக்கும் குந்த்ராவுக்கும் ஆயுட்காலத் தடையும், இரு அணிகளுக்கும் இரண்டாண்டுத் தடையும் விதித்தது.

ஆனால் பந்தைத் தொடாதவருக்கு ஆயுட்காலத் தடை என்றால் என்ன அர்த்தம்? மைதானத்துக்கு வெளியே அவருக்கு வேறு தொழில்கள் உண்டு. பந்து வீச்சாளருக்குப் பத்துப் பன்னிரண்டு வருடங்கள்தான் சம்பாத்தியம். தவிர, அணிக்கு விழுந்த அடி யார் மேல் விழுந்தது? தோனி புனேவுக்கும் ரெய்னா ராஜ்கோட்டுக்கும் போனார்கள். சேப்பாக்கம் ரசிகர்கள் இரண்டு வருடம் காத்திருந்தார்கள். 2018இல் திரும்பிய சென்னை அணி அந்த வருடமே கோப்பையைத் தூக்கியது.

ஸ்ரீசாந்தை டில்லி நீதிமன்றம் 2015இலேயே வழக்கிலிருந்து விடுவித்தது. வாரியம் அசையவில்லை. அவர் தவறு செய்தார் என்ற வாரியத்தின் முடிவை 2019இல் உச்ச நீதிமன்றம் மாற்றவில்லை. தண்டனையின் அளவை மட்டும் மறுபரிசீலனை செய்யச் சொன்னது. தடை ஏழு வருடமாகக் குறைந்து, 2020 செப்டம்பரில் முடிந்தது. 37 வயதில் கேரளத்துக்காக மறுபடியும் பந்தை எடுத்தார். 2021 ஐ.பி.எல். ஏலத்துக்கு 75 லட்சம் அடிப்படை விலையில் பெயர் கொடுத்தார். இறுதிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.