செய்தி வாயில்

வாயில் என்னுஞ் சொல் இல்லத்தின் புகுவழியை மட்டுங் குறிப்பதன்று. தலைவனுக்குந் தலைவிக்கும் இடைநின்று செய்தி கொண்டுசெல்லும் தோழியையும் பாணனையும் வாயில்கள் என்றே தொல்காப்பியம் வழங்கும். தொழிற்சாலைக் கருவிகள் வானொலி அலைவழியே கூறுவனவற்றை ஏற்றுத் தொலைவிலுள்ளார்க்கு அறிவிக்கும் பெட்டியை இக்காலத்தார் 'கேட்வே' என்பர். அதற்கும் வாயில் என்னும் பெயர் சாலப் பொருந்தும்.

இதன் இன்றியமையாமையை எர்ணாவூர்க்கு வடக்கேயுள்ள பெரியகுப்பம் நமக்கு உணர்த்தியது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவையொட்டி, கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலினின்று அமோனியா கொணருங் கடலடிக் குழாயில் அவ்வாயு கசிந்தது. உறங்கிக்கொண்டிருந்த மக்கள் கண்ணெரிவும் மூச்சுத்திணறலுமுற்று வீடுகளை விட்டு வெளியேறினர்; பலர் மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டனர். ஆலையருகே காற்றில் அமோனியா கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் இருந்ததெனத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது, வரம்போ 400.

இனி, வாயிலை நிறுவுமாறு காண்போம். புகைபோக்கி, தொட்டி, குழாய் முதலியவிடங்களில் உணர்கருவிகள் பொருத்தப்படும். ஒவ்வொன்றிற்குங் கம்பியிழுத்தல் பெருஞ் செலவாதலின், அவை அலைவழியே பேசுகின்றன. இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையைக் குறைந்த ஆற்றலுடன் உரிமமின்றிப் பயன்படுத்த 2005ஆம் ஆண்டு முதல் இசைவுண்டு. வெட்டவெளியிற் சில கிலோமீட்டர் செல்லும் அவ்வலை, இரும்புத் தொட்டிகளும் அடுக்கிய கண்டெய்னர்களும் நிறைந்த இக்கரையில் விரைவில் நலிந்துவிடும். ஆகவே வாயிலின் ஆன்டெனா அப்பகுதியின் உயர்ந்த இடத்தில், தடையற்ற வெளியில் நிற்றல் வேண்டும். பின்னர் ஓர் உணர்கருவியை ஏந்தி ஆலையின் மூலைதோறுஞ் சென்று அலையின் வலிமையை அளந்தறிதல் வேண்டும்.

உப்புக்காற்று இணைப்புகளை அரிக்குமாதலின் அவற்றை நன்கு மூடுதலும், இடிமின்னலுக்கு அஞ்சி நிலவிணைப்பு அளித்தலும், மின்சாரம் நின்றாலும் இயங்கப் பேட்டரி வைத்தலும் வேண்டும். ஒவ்வொரு கருவிக்குந் தனியெண்ணும் மறைக்குறியும் இருப்பின், பொய்ச்செய்தி உட்புகாது. வெளித்தொடர்பு அறுந்தபோது அளவைகளை நேரத்தோடு சேமித்து, தொடர்பு மீண்டதும் அனுப்புதலும் வாயிலின் கடமையே.

இவ்வனைத்தினும் முதன்மையானது மௌனத்தை நலமென்று கொள்ளாமை. ஒரு கருவி குறித்த நேரத்திற் பேசாதாயின், அதனையே அபாய அறிகுறியாக வாயில் அறிவித்தல் வேண்டும். மேலும், பொதுவான அலைவரிசையில் இடையூறு நேர்தல் கூடும். ஆதலின் கசியுங் குழாயை உடனே அடைக்குந் தொழிலை அவ்விடத்துக் கம்பிவழிக் கருவியிடமே விடுத்தல் அறிவுடைமை. வாயிலின் தொழில் அறிவித்தல்.

யாருக்கு அறிவித்தல்? மிகு மாசு விளைக்கும் 17 வகைத் தொழில்கள் இடைவிடா அளவைக் கருவிகளை அமைத்தல் வேண்டுமென 2014ஆம் ஆண்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கட்டளையிட்டது. அவற்றின் அளவைகள் வாரியங்களைச் சென்று சேர்கின்றன. அது நன்றே, எனினும் நள்ளிரவில் நச்சுக்காற்றைச் சுவாசிப்போர் குப்பத்து மக்களாவர். பட்டயம் வரக் கண்டும் எக்காளம் ஊதாத காவற்காரன்மேற் பழி சாருமென எசேக்கியேல் ஆகமம் எச்சரிக்கின்றது. வாயில் பெற்ற செய்தி அலுவலகத் திரையோடு அமையாது, அக்கணமே குப்பத்திற் சங்கொலியாக முழங்குமாயின், உறங்குவோர் காற்றுக்கு முன்னே விழித்தெழுவர். அந்நாளே அவ்வாயில் தன் பெயர்க்கு உரியதாகும்.