பெயர் மறைந்த கீபோர்டை அடையாளம் காணுதல்

மின்னணுக் கீபோர்டு ஒன்றின் ஒளிப்படத்தைப் பார்த்து அதன் மாடலைச் சொல்ல முற்படுவோர் முதலில் தேடுவது பேனலில் அச்சிட்ட பெயரைத்தான். ஆனால், மேடைக் கலைஞர்கள் சிலர் நிறுவனப் பெயரின்மேல் டேப் ஒட்டிவிடுவதாலும், பழைய படங்களில் அந்த எழுத்து மங்கியோ வாசிப்பவரின் கைக்குப் பின்னால் மறைந்தோ போவதாலும், கட்டைகளும் பொத்தான்களும் அமைந்துள்ள முறையே பல வேளைகளில் பெயரைவிடப் பயனுள்ள சான்றாகிறது.

முதல் வேலை கட்டைகளை எண்ணுவது. கருப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாக மாறிமாறி வருவதாலும், ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகள் என்பது நிலையானதாலும், நடுப்பகுதி மறைந்திருந்தாலும் இரு முனைகளும் தெரிந்தால் மொத்தத்தைக் கணக்கிட்டுவிடலாம். மிகப் பரவலான 61 கட்டை அமைப்பு ‘சி’ ஸ்வரத்தில் தொடங்கி ‘சி’யில் முடியும், 36 வெள்ளை, 25 கருப்பு. 1970இல் வெளிவந்த மினிமூக் என்ற கீபோர்டில் இருப்பவை 44 கட்டைகள் மட்டுமே. அவை ‘எஃப்’இல் தொடங்குவதால் இடப்புறம் முதலில் மூன்று கருப்புக் கட்டைகளின் கூட்டம் வரும். இங்கு ஓர் எச்சரிக்கை தேவை: கட்டைகளின் வரிசை ‘டி’ ஸ்வரத்தை மையமாகக் கொண்டு இருபுறமும் ஒத்திருப்பதால், இடம் வலமாகப் புரண்ட படமும் இயல்பான படம்போலவே தோன்றும். 61 கட்டைப் படம் புரண்டிருந்தால், இட முனையில் இடையே கருப்பு இல்லாத இரண்டு வெள்ளைக் கட்டைகள் அடுத்தடுத்து நிற்பதே அதைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது கட்டைகளின் இடப்பக்கம். ஸ்வரத்தை வளைக்கவும் அதிரவைக்கவும் யமஹா டிஎக்ஸ்7இல் இரண்டு சக்கரங்களும், ரோலண்டு ஜூனோ-106இல் பக்கவாட்டில் அசையும் ஒரு நெம்புகோலும், கோர்க் எம்1இல் ஒரு ஜாய்ஸ்டிக்கும் அமைந்துள்ளன. இந்த ஓர் உறுப்பே பலமுறை நிறுவனத்தைச் சுட்டிவிடும்.

நெருங்கிய உறவுடைய மாடல்களைப் பிரிப்பதுதான் உண்மையில் கடினமான பணி. 1983இல் யமஹா வெளியிட்ட டிஎக்ஸ்7, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டறிந்த அதிர்வெண் பண்பேற்ற முறையில், அதாவது ஓர் அலையால் மற்றோர் அலையின் அதிர்வெண்ணை மாற்றி ஒலியை உருவாக்கும் முறையில் இயங்குவது. அதே ஆண்டில் வந்த டிஎக்ஸ்9உம் 61 கட்டைகளும், அடர்பழுப்பு உடலும், நீலப்பச்சை நிறத் தட்டைப் பொத்தான்களும் கொண்டதாகையால் தொலைவிலிருந்து எடுத்த படத்தில் இரண்டும் ஒன்றெனவே தோன்றும். எனினும், அலைகளை இணைக்கும் விதங்களைக் காட்டும் சிறு வரைபடங்கள் பேனலின்மேல் அச்சிடப்பட்டுள்ளன. ஆறு அலைகளை இணைக்கும் டிஎக்ஸ்7இல் அவை 32, நான்கை மட்டும் இணைக்கும் டிஎக்ஸ்9இல் 8. கார்ட்ரிட்ஜ் செருகும் துளை இருப்பின் அது டிஎக்ஸ்7; டிஎக்ஸ்9 தன் ஒலிகளைக் கேசட்டில்தான் சேமித்தது. பின்னர் வந்த டிஎக்ஸ்7-IIஇலோ தட்டைப் பொத்தான்களுக்குப் பதிலாக அழுத்தினால் உள்ளிறங்கும் பொத்தான்களும் பெரிய ஒளிரும் திரையும் இடம்பெற்றன.

பின்புறம் தெரியும் படம் கிடைத்தால் காலத்தையும் கணிக்கலாம். கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் மிடி என்ற பொது முறை 1983இல் அறிமுகமானதால், 1982இன் ஜூனோ-60இல் ரோலண்டின் தனி இணைப்பு முறையும், 1984இன் ஜூனோ-106இல் ஐந்துமுனை மிடித் துளைகளும் காணப்படுகின்றன. ஒலிப்பதிவுக் கூடத்தின் தேதியிடாத பழைய படம் ஒன்றில் டிஎக்ஸ்7 இருக்குமானால், அப்படம் 1983க்கு முற்பட்டதாக இருக்க வழியில்லை. இசை வரலாறு எழுதுவோருக்கு இது பெரும் துணை. ஆகவே, பழைய படங்களை அச்சிடும் பதிப்பாளர்கள் வாசிப்பவரின் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு கருவியின் இட முனையை வெட்டிவிடாதிருக்க வேண்டும். பழைய கீபோர்டை விற்போரும் வாங்குவோரும் மாடல் எண் பொறித்த தகட்டை, அது ஒட்டப்பட்டுள்ள அடிப்புறத்தோடோ பின்புறத்தோடோ சேர்த்துப் படமெடுத்து வைக்க வேண்டும்.